எதில் வாங்குவது, எதில் பார்ப்பது: கருங்கல்லிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வீட்டில் நான், மனைவி, என் அம்மா மூன்று பேர். இணையத்தில் பொருள் வாங்கவும், படம், சீரியல் பார்க்கவும் நீங்கள் விரும்பிப் பயன்படுத்தும் தளங்கள் எவை? எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்ட வேண்டாம்?

பதில்: தக்கலையில் கணினிக் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுக்க வருகிறவர்களைவிட, “இத ஒண்ணு ஆர்டர் போட்டுத் தா மக்கா” என்று போனை நீட்டுகிறவர்கள்தான் இப்போது அதிகம். ஆகவே கீழே சொல்வதில் பாதி என் விருப்பம், பாதி மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

விலையை மட்டும் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது நம் மாவட்டத்துக்குச் சரிப்படாது. ஐம்பது நூறு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பொருள் வந்து சேருவதும் இப்போது பெரிய காரியமில்லை. 629 என்று தொடங்கும் எந்தப் பின்கோடுக்கும் அநேகமாக வந்துவிடுகிறது. வந்தது சரியில்லை என்றால்தான் தளத்தின் குணம் தெரியும். திரும்ப எடுத்துப் போக ஆள் வருமா? பணமாகத் திரும்பக் கிடைக்குமா? ரிப்பேர் பார்க்கிறவர் நாகர்கோவிலில் இருக்கிறாரா, திருநெல்வேலியிலிருந்து வரணுமா? நான் தளங்களைப் பிரித்து வைத்திருப்பது இதை வைத்துத்தான். படம் பார்க்கும் ஆப்களுக்கும் இதே கணக்கு. சேருவதற்கு எல்லாருமே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் வெளியே வர எவ்வளவு பாடு என்று பார்க்க வேண்டும்.

பொதுவான சாமான்களுக்கு அமேசானும் ஃபிளிப்கார்ட்டும்தான். இதில் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டிலும் 2020 முதல் தமிழில் பார்க்கும் வசதி இருக்கிறது. தமிழ் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் மனைவியே தனியாக ஆர்டர் போடவும், போட்டதை ரத்து செய்யவும் அது போதும். இரண்டில் எது என்றால், ஒரே பொருளை இரண்டிலும் திறந்து வைத்து, விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். நான் முதலில் பார்க்கிற இடம் அதுதான்.

அந்த வரியில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். ‘7 நாள் ரிட்டன்’ என்றிருந்தால் பிடிக்காவிட்டால் திருப்பலாம். ‘7 நாள் மாற்றித் தரப்படும்’ என்றிருந்தால் பழுதானால் அதே பொருள் வேறொன்று வரும், பொதுவாகப் பணம் வராது. ‘சர்வீஸ் சென்டர் மூலம் மாற்றித் தரப்படும்’ என்றிருந்தால், நீங்கள் அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரைத் தொடர்பு கொண்டு, பழுது உண்மைதான் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. பல போன்களுக்கும் மின்சாதனங்களுக்கும் இப்போது இந்த மூன்றாவதுதான் போடுகிறார்கள். கருங்கல்லில் இருக்கிறவருக்கு இது பஸ் ஏறி நாகர்கோவில் போய் வருகிற காரியம். 300 ரூபாய் குறைவு என்று வாங்கிய போனுக்கு அந்த 300 ரூபாய் அலைச்சலிலேயே போய்விடும். பொருளுக்குப் பொருள் இந்த வரி மாறும். ஒரே தளத்தில், ஒரே போனுக்கு, விற்பவர் மாறினாலே மாறும்.

விற்பவர் பெயரையும் தொட்டுப் பாருங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதெல்லாம் காட்டியே ஆக வேண்டும். புகார் கொடுத்தால் குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த விதியின் பெயரைச் சொல்லிப் புகார் எழுதினால் பதில் வருகிற வேகமே வேறு.

விலை கூடிய பொருளுக்கு ‘ஓபன் பாக்ஸ் டெலிவரி’ இருந்தால் விடாதீர்கள். கொண்டு வருகிறவரே உங்கள் முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார். பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். “மழை வருது, சீக்கிரம் நம்பரச் சொல்லுங்க” என்பார்கள். அவர்கள் அவசரம் அவர்களுக்கு, பாவம், ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டும். இருந்தாலும் நம்பர் பிறகுதான்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி மூன்றையும் நான் யாருக்கும் இணையத்தில் ஆர்டர் போட்டுக் கொடுப்பதில்லை. விலையைப் பார்த்துக்கொண்டு, அந்த விலையைச் சொல்லி மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடையில் பேரம் பேசுங்கள் என்று அனுப்பிவிடுவேன். பாதிப் பேருக்கு அந்த விலைக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. மாட்டித் தரவும் ஆள் வரும், கடைக்காரர் முகம் தெரிந்தவராகவும் இருப்பார். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்புக் காற்றில் ஏசியின் வெளி யூனிட் எப்படித் துருப்பிடிக்கும் என்று உள்ளூர் மெக்கானிக்குத் தெரியும். எந்த மாடலில் காயிலுக்குப் பூச்சு இருக்கிறது என்று அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

துணிமணிக்கு மிந்த்ரா, அஜியோ இரண்டும் பரவாயில்லை. அளவு சரியில்லாவிட்டால் மாற்றுவது சுலபம். மீஷோவில் விலை குறைவு, ஆனால் அங்கே ஒரே துணிக்கு இரண்டு விலை போட்டிருப்பதைக் கவனியுங்கள். எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்பதற்கு ஒரு விலை. தப்பான பொருளோ கிழிந்த பொருளோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்பதற்குக் கொஞ்சம் குறைந்த விலை. குறைந்ததைத் தொட்டுவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று பிறகு நம் கடைக்கு வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும்? இருபது முப்பது ரூபாய் கூடினாலும் முதல் விலையையே போடுங்கள்.

கைத்தறிக்குக் கோ-ஆப்டெக்ஸ் தளம் எனக்குப் பிடிக்கும். 1935-ல் தொடங்கிய கூட்டுறவு, அரசு சார்ந்தது, போட்டிருக்கும் நெசவு பற்றி ஏமாற்று இருக்காது. கைவினைப் பொருளுக்குத் தமிழக அரசின் பூம்புகார் தளம். கோயில் நகை மட்டும் இணையத்தில் வாங்க வேண்டாம். ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று தேடினால் ஆயிரம் வரும், பெரும்பாலும் அச்சில் வார்த்தது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதைச் செய்கிற கைகள் வடசேரியில் இருக்கின்றன. பரதநாட்டியம் படிக்கிற பிள்ளைகளுக்கு வெளியூரிலிருந்து ஆள் அனுப்பி வாங்குகிறார்கள், நாம் இங்கே இருந்துகொண்டு போனில் தேடுகிறோம்.

புத்தகத்திலும் இதே வேடிக்கை. காலச்சுவடு பதிப்பகம் இருப்பது நாகர்கோவிலில், ஆனால் அவர்கள் புத்தகத்தைப் பெரிய தளத்தில் ஆர்டர் போட்டு, வேறு மாநிலத்துக் கிடங்கிலிருந்து வரவழைப்பவர்கள் உண்டு. தமிழ்ப் புத்தகத்துக்கு காமன்ஃபோக்ஸ், பனுவல், உடுமலை ஆகிய தளங்களைப் பாருங்கள். பெரிய தளங்களில் ‘இருப்பு இல்லை’ என்று காட்டும் பழைய பதிப்புகள்கூட இவற்றில் கிடைக்கும். பணமே இல்லாமல் படிக்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் நடந்துவருகிறது. உங்கள் அம்மாவுக்குக் கண் தெரியும் என்றால் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் முகவரி. நம் ஊரில் தெருப்பெயர் கிடையாது, ‘விளை’ என்று முடியும் இடப்பெயர்தான். ஒரே பெயரில் விளை வேறு பஞ்சாயத்திலும் இருக்கும். வீட்டு எண்ணை மட்டும் நம்பினால் டெலிவரி பையன் வேறு பக்கம் சுற்றிக்கொண்டிருப்பான். பஞ்சாயத்துப் பெயர், அஞ்சலகப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். அடையாளத்துக்கு ‘குருசடியிலிருந்து இடது பக்கம் மூன்றாவது வீடு’, ‘ரேஷன் கடை எதிரே’ என்று எழுதுங்கள். மேப்பில் வீட்டின் மேலேயே புள்ளி வையுங்கள். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் வீட்டில் ஆள் இல்லாத நாளில் பார்சல் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சிட்அவுட்டில் வைத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டி சாரலில் ஊறிப்போய், அதைத் திருப்ப முடியாமல் நின்றவர்கள் பலர்.

மகன் துபாயிலிருந்து உங்களுக்காக ஆர்டர் போடுவதாக இருந்தால் இரண்டு விஷயம். டெலிவரி முகவரியில் உங்கள் இந்திய எண்ணைப் போடச் சொல்லுங்கள். அவன் எண்ணைப் போட்டால் ஓடிபி அங்கே போகும், அவன் டியூட்டியில் இருப்பான், டெலிவரி பையன் உங்கள் வாசலில் நிற்பான். பணம் கட்ட அவனிடம் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால், அமீரக எண்ணை வைத்தே யூபிஐ எடுக்கும் வசதி 2023 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. எல்லா வங்கியும் கொடுப்பதில்லை, அவன் வங்கியில் கேட்டுக்கொள்ளட்டும்.

விளம்பரத்தைத் தொட்டுப் போகிற தளங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் ஒரு பார்சலைக் கொண்டு வந்தார். முகநூலில் ‘மூன்று பட்டுச்சேலை 699 ரூபாய், கடை மூடுகிறோம்’ என்று விளம்பரம். பணத்தைக் கையில் கொடுத்து வாங்கியிருக்கிறார். உள்ளே ஒரே ஒரு சேலை, மெழுகு காகிதம் மாதிரி மடிப்பு மடிப்பாக. “மக்களே, இதத் திருப்பிக் குடுக்க முடியுமா?” என்றார். அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, குறைதீர்க்கும் அதிகாரி பெயர் இல்லை. ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு ஜிமெயில். பக்கத்தின் மேலே ஒரு கடிகாரம், ‘இன்னும் 9 நிமிடம் மட்டும்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. இப்படிப் போலி அவசரம் காட்டுவது 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி தடை செய்யப்பட்ட தந்திரங்களில் ஒன்று. வாங்கும்போதே அந்தத் தளத்தின் அடிப்பக்கத்துக்கு இறங்கிப் போய் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் தளத்தை மூடிவிடலாம். ‘கேஷ் ஆன் டெலிவரிதானே, என்ன வந்துவிடும்’ என்ற நினைப்புதான் இவர்களுடைய முதலீடு.

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். அங்கே திருடர்கள் தங்கள் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆப்புக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கம் மட்டும். பணம் உங்களுக்குத் திரும்ப வருவதற்கு யூபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை. கேட்டால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பொருள், ரிட்டன் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

சரி, இனி படம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, தமிழும் மலையாளமும் இரண்டும் பார்ப்போம். அதனால் சென்னைக்காரர் சொல்லும் பட்டியல் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆப்பின் பெயரை விட்டுவிட்டு அம்மா பார்க்கும் சேனலில் இருந்து தொடங்குங்கள். சன் டிவி, கே டிவி, சூர்யா என்றால் சன் நெக்ஸ்ட். விஜய் டிவி, ஏசியாநெட் என்றால் ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழ், ஜீ கேரளம் என்றால் ஜீ5. மழவில் மனோரமா என்றால் மனோரமா மேக்ஸ். சீரியல் பார்க்கும் வீட்டில் இதில் ஒன்று போதும், அதை வருடக் கணக்கில் எடுத்துவிடலாம். சீரியல் முடியாது, சந்தாவும் வீணாகாது.

படத்துக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். எந்த ஆப்பையும் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தியேட்டருக்கு வந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் போனால் பெரும்பாலான தமிழ், மலையாளப் படங்கள் ஏதாவது ஓர் ஆப்பில் வந்துவிடும். எதில் என்பதுதான் குழப்பம். அதற்கு ஜஸ்ட்வாட்ச் என்று ஒரு தளம் இருக்கிறது, நான் மிகவும் விரும்பும் தளம் இதுதான். படத்தின் பெயரைப் போட்டால் இந்தியாவில் எந்த ஆப்பில் ஓடுகிறது, வாடகைக்கா இலவசமா என்று காட்டும். பார்க்க வேண்டிய படங்களைக் குறித்து வைத்து, ஒரே ஆப்பில் நாலைந்து சேர்ந்ததும் அந்த மாதம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

நெட்ஃபிளிக்ஸில் போனில் மட்டும் பார்க்கும் திட்டம் மாதம் 149 ரூபாய், 2021 டிசம்பரில் குறைத்த விலை. வீட்டில் டிவியில் பார்க்க 199 ரூபாய்த் திட்டம் போதும். பிரைம் வீடியோவுக்காக மட்டும் வருடம் 1,499 ரூபாய் கட்டுவதை நான் சொல்ல மாட்டேன். 2025 ஜூன் முதல் அதில் விளம்பரமும் வருகிறது, விளம்பரம் வேண்டாம் என்றால் தனிக் காசு. அமேசானில் மாதந்தோறும் சாமான் வாங்குகிறவராக இருந்தால் டெலிவரிக்காக எடுக்கலாம், படம் கூடக் கிடைத்த லாபம். சோனி லிவ் நல்ல மலையாளப் படங்களுக்காக அவ்வப்போது ஒரு மாதம். தமிழில் மட்டும் புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் ஆஹா தமிழ்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று சிஸ்பேஸ். கேரள அரசின் சொந்த ஓடிடி, 2024 மார்ச்சில் தொடங்கியது. சந்தா கிடையாது. பார்க்கிற படத்துக்கு மட்டும் 75 ரூபாய். விருது வாங்கிவிட்டுத் தியேட்டரில் ஓடாமல் போன மலையாளப் படங்கள் இதில் கிடைக்கும். பார்த்த படத்துக்குக் கூலி, அதோடு கணக்கு முடிந்தது. இந்த ஏற்பாடு எல்லா ஆப்பிலும் வந்தால் நன்றாக இருக்கும். மத்திய அரசின் பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று ஓர் ஆப் கொண்டு வந்திருக்கிறது. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளுக்காக அதை வைத்திருக்கலாம், பெரும்பாலும் இலவசம். பழைய தமிழ்ப் படங்களுக்கு யூடியூப் போதும். உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளே முழுப் படத்தையும் ஏற்றியிருக்கிறார்கள்.

தூத்தூர், சின்னத்துறை பக்கத்துப் பையன்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், கால்பந்து. இங்கிலாந்து பிரீமியர் லீக் இப்போது ஜியோஹாட்ஸ்டாரில், சாம்பியன்ஸ் லீக் சோனி லிவ்வில். உரிமை சில வருடத்துக்கு ஒருமுறை கைமாறும், சீசன் தொடங்கும்போது பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

டெலிகிராமில் வரும் புதுப்படம், ‘இந்த ஆப்பை ஏற்றினால் எல்லாம் இலவசம்’ என்று வரும் ஃபைல் இரண்டையும் தொடாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஃபைல் உங்கள் மெசேஜைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி ஓடிபியும் அதற்குத் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் போன் ரீசார்ஜ் பேக்கையும் ஃபைபர் பில்லையும் எடுத்துப் பாருங்கள். பல பேக்குகளில் ஏதாவது ஓர் ஆப் சேர்ந்தே வரும். தெரியாமலே அதற்குத் தனியாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஊரில் நிறைய. ஃபைபர் இல்லாமல் போன் டேட்டாவில் பார்ப்பதானால் தரத்தைக் குறைத்து வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும், நடுத்தரத்தில் ஒரு ஜிபிகூட ஆகாது. பேச்சிப்பாறை, கோதையாறு மாதிரி சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டு போவது நல்லது.

வெளியே வருகிற வழி இதுதான். ஒரு மாதச் சந்தா எடுத்ததுமே, அன்றைக்கே, ஆப்புக்குள் போய் ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்களில் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம், அடுத்த மாதம் பணம் எடுக்காது. யூபிஐயில் கட்டினால் அதே யூபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியில் எந்தெந்தக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாக இருக்கும். அங்கேயே நிறுத்தலாம். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜ் வரும், நாம்தான் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறோம்.

மகனுடைய நெட்ஃபிளிக்ஸ் கணக்கை உங்கள் டிவியில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்ற கட்டுப்பாட்டை 2023 ஜூலையில் இந்தியாவிலும் கொண்டு வந்துவிட்டார்கள், அதனால் உங்கள் டிவியில் ஓடாமல் தடைபடும். அவனுக்குத் தமிழ்ப் படம் வேண்டுமானால் சிம்ப்ளி சவுத் என்று ஒன்று இருக்கிறது, இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கென்றே நடத்துவது. உங்கள் வீட்டுக்கு நெட்ஃபிளிக்ஸைத் தனியாக இந்தியக் கணக்காக எடுத்தால் கட்டணமும் குறைவு. அதுவும் இப்போதே வேண்டாம். அவன் லீவுக்கு வருகிற மாதம் 199 ரூபாய் கட்டி எடுத்து, அவனையே ரத்து செய்யச் சொல்லிவிடுங்கள்.